டிக்கிக் கதவும் பித்தளை அண்டாவும்

பிலோமினாவிடம் தொழில் கற்க வந்தபோது தர்மராசுக்கு ஐம்பத்தைந்து வயது. அவளுக்கு முப்பத்து மூன்று.

இருபது வருஷம் கார் சர்வீஸ் சென்டரில் சூப்பர்வைசராக இருந்த மனுஷன், ஒரு பொம்பளைக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறாரே என்று ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். ஒட்டன்சத்திரம் சாலையில் கார் பூட்டு என்றால் அவள்தான். அவள் கைபட்ட பூட்டு மறுபடி மக்கர் பண்ணியதாக ஒருத்தர் சொல்லக் கேட்டதில்லை. தர்மராசு அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்கு வெள்ளியங்கிரி என்பவர் அரக்கப்பரக்க வந்து சேர்ந்தார். பட்டு வேட்டி, கையில் ஒரு மாலை. காரின் டிக்கி திறக்கவில்லை. வழியில் மாலை வாங்கி, உள்ளே வைக்கலாம் என்று பொத்தானை அமுக்கியபோதுதான் தெரிந்ததாம். பின்சீட்டை மடித்துவிட்டுக் கூரை வரைக்கும் சாமானை அடைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் ராஜாவாக ஒரு பெரிய பித்தளை அண்டா. பக்கத்துக் கதவு வழியாக அது வராது. காதணியும் பட்டுப்பாவாடையும் பத்திரமாக இருக்கட்டும் என்று அந்த அண்டாவின் அடியில்தான் வைத்திருந்தார். நம்ம ஆட்களின் பத்திரம் இப்படித்தான்.

எல்லாம் தங்கை மகளின் காதுகுத்துக்கான தாய்மாமன் சீர். முகூர்த்தம் பத்தரைக்கு. கோயில் இருபது நிமிஷத் தொலைவு.

மாஸ்டர் அப்போது ஒரு ஜீப்பின் அடியில் கிடந்தாள். தர்மராசு தானே வேலையில் இறங்கினார். பொத்தானை அமுக்கினால் உள்ளே மோட்டார் உர்ரென்றது, கதவு அசையவில்லை. பழுது காட்டும் கம்ப்யூட்டரைக் காரில் செருகிப் பார்த்தார். பழுது எதுவும் இல்லை என்று அது சத்தியம் செய்தது. ஒருவர் அமுக்க ஒருவர் இழுத்தார்கள். பக்கத்து டீக்கடைக்காரரும் வந்து சேர்ந்தார். மூன்று பேரும் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். ம்ஹூம்.

இழுப்புக்கு நடுவே வெள்ளியங்கிரி கொட்டித் தீர்த்தார். தங்கை தன் இஷ்டத்துக்கு ஒருத்தரைக் கட்டிக்கொண்டதில் அண்ணன்மார் மூன்று பேரும் பேச்சை நிறுத்தி ஏழு வருஷம் ஆகிறது. இப்போது அவளே பத்திரிகை அனுப்பியிருக்கிறாள். மூத்தவர்கள் இரண்டு பேரும் வரவில்லை. குழந்தையை மடியில் வைக்க ஒரு தாய்மாமன் வேண்டுமே என்பதற்காக இவரை மட்டும் விட்டிருக்கிறார்கள், அதுவும் ஒரு கட்டுப்பாட்டோடு. சீரை இறக்கிவிட்டுக் கை நனைக்காமல் திரும்பிவிட வேண்டும். பந்தியில் உட்காரக் கூடாது.

"சாப்பாடு கெடக்கட்டும்ங்க. பத்தரைக்கு நான் போகலீன்னா, இவனும் வரலைன்னு நெனச்சுக்குவா. அப்புறம் இந்த ஜென்மத்துல அவ மூஞ்சில முழிக்க முடியாது" என்றார்.

தர்மராசுக்கும் தாங்கவில்லை. பூட்டைச் சுற்றி வெட்டிவிடலாம் என்று கட்டிங் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெட்டுங்க, கார் போனால் போகிறது என்று வெள்ளியங்கிரியும் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் பிலோமினா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பூட்டை அவள் பார்க்கவே இல்லை. வெள்ளியங்கிரியைப் பார்த்தாள்.

"எப்படிங்க சாத்துனீங்க?"

அவருக்குக் கோபம் வந்தது. திறக்கவில்லை என்று ஒரு மனுஷன் கிடந்து துடிக்கிறான், இவள் சாத்தின கதையைக் கேட்கிறாளே.

"சாத்துனது எப்படியா? சாமான் பிதுங்குச்சு. நானும் பாத்திரக்கடைக்காரரும் முதுகக் குடுத்து அமுக்கித்தான் சாத்துனோம்."

"அப்ப அதே மாதிரி முதுகக் குடுங்க. அண்ணே, நீங்களும்."

தர்மராசு அவளையே பார்த்தார். திறக்க வேண்டிய கதவை அமுக்கச் சொல்கிறாள். ஆனாலும் மிஷினைக் கீழே வைத்துவிட்டு, வெள்ளியங்கிரியோடு சேர்ந்து கதவில் முதுகை வைத்து அழுத்தினார். கதவு ஒரு நூல் உள்ளே போனது.

அவள் பொத்தானைத் தொட்டாள். டக்கென்றது.

"மெதுவா விடுங்க. அண்டாவப் புடிச்சுக்கங்க."

கதவு மேலே போக, அண்டா வெள்ளியங்கிரியின் கைகளில் வந்து சாய்ந்தது. அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார். என்ன கை அய்யா அது.

கதவுக்கும் அண்டாவுக்கும் இடையே ஒரு சாண் இடம் இருக்கும்படி அவளே சாமானை மாற்றி அடுக்கி, கயிறு கட்டி, கதவை ஒரு விரலால் சாத்திக் காட்டினாள். ஒன்பது ஐம்பத்தைந்து. போதும். வெள்ளியங்கிரி கும்பிடு போட்டுவிட்டு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார்.

தர்மராசுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மாஸ்டர், மூணு பேர் சேர்ந்து இழுத்தோம். ஒண்ணும் நடக்கல. எங்க தப்பு?"

அவள் கட்டிங் மிஷினை எடுத்து அதன் ஆணியில் மாட்டினாள்.

"உள்ள இருந்து அண்டா கதவத் தள்ளிக்கிட்டே இருக்கு. வெளிய இருந்து நீங்க மூணு பேரும் இழுக்கிறீங்க. அண்டாவும் நீங்களும் ஒரே பக்கம்தானே அண்ணே. அந்த இழுப்புல கொக்கி இறுகிப் போச்சு, பூட்டு ஒத்தையா நின்னுச்சு. நான் போய் அது பக்கம் நின்னேன்."

காரில் இருந்தபடி அதைக் கேட்ட வெள்ளியங்கிரி சாவியைத் திருப்பவில்லை. போனை எடுத்து மூத்த அண்ணனைக் கூப்பிட்டார்.

"மத்தியானம் எனக்குச் சோறு வெக்க வேண்டாம்னு அண்ணிகிட்டச் சொல்லிருங்க" என்றார். "நான் தங்கச்சிகிட்டச் சாப்பிட்டுட்டுத்தான் வருவனுங்க."