நூற்று அறுபத்தொன்பதில் தொடங்கும் எண்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தாறு.

தூத்துக்குடியில் கேபிள் இணைய வேலை பார்க்கும் ஜெனோவாதான் குரு. ஹார்பரில் கிரேன் வேலை போனபின் அவளோடு ஏணி தூக்கிக்கொண்டு தொழில் கற்க வந்த சந்தியாகு சீடர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஊருக்கெல்லாம் இணையம் கொடுக்கப் போகிற சந்தியாகு வீட்டில் நான்கு மாதமாக இணையம் இல்லை. கேட்டவர்களிடம் நேரமில்லை என்று சொல்லிவந்தார். பொய். அவருக்குப் பயம்.

தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட மகன் ரெக்சனை, இனி இந்தப் படி ஏறாதே என்று விரட்டியவர் அவர்தான். மூன்று வருஷம் கழித்து, தட்டுத்தடுமாறி, என்னை மன்னிச்சிரு என்று அவனுக்கு ஒரு மெயில் அனுப்பினார். மறுநாள் மழை. கூரை ஒழுகிக் கம்ப்யூட்டர் போய்விட்டது. பழசாக இன்னொன்று வாங்கி மாட்டினார், இணையம் வரவில்லை. கையிலிருப்பதோ பட்டன் போன். வேறு இடத்தில் திறந்து பார்க்கவும் துணிவில்லை. பதில் வந்து எங்கோ மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார், பாவம்.

ஒரு மதியம் டீக்கடையில், தாங்காமல் எல்லாவற்றையும் ஜெனோவாவிடம் சொல்லிவிட்டார். பிறகு கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல நெட்டு நம்பர்லாம் இருக்கு டீச்சர். பெறவு ஏன் நெட்டு வரமாட்டேங்கு?"

"என்ன நம்பர்?"

"நூத்தி அறுபத்தொம்பதுல ஆரம்பிக்கி."

ஜெனோவா பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு அவர் வீட்டுக்குக் கிளம்பினாள்.

கம்ப்யூட்டர் வயரை மோடத்திலிருந்து உருவினாள். பையிலிருந்து, பல கம்ப்யூட்டர்களை ஒன்றாக இணைக்கும் ஒரு சின்ன சுவிட்ச் பெட்டியை எடுத்து, கரண்ட் கொடுத்து, வயரை அதில் செருகினாள். அந்தப் பெட்டியில் வேறு வயர் எதுவும் இல்லை. ஒரு நிமிஷம் காத்திருந்தார்கள்.

"இப்ப நம்பரப் பாருங்க."

அதே நூற்று அறுபத்தொன்பது.

"அந்தப் பக்கம் யாருமே இல்லயே," என்றார் சந்தியாகு.

"கம்ப்யூட்டர் நம்பர் தான்னு கேட்டுக் கேட்டுப் பாக்கும் அண்ணாச்சி. பதில் வரலன்னா, தானா ஒரு நம்பரப் போட்டுக்கிட்டு உக்காந்துரும்."

அவர் முகம் சுண்டிப்போனது.

வேலை ஒன்றும் பெரிதில்லை. மோடம் மழையில் போன கம்ப்யூட்டரையே நினைவில் வைத்துக்கொண்டு புதிதாக வந்ததைச் சேர்க்காமல் இருந்தது. அதைக் கால்மணி நேரம் அணைத்துவைத்து, மறுபடி போட்டாள். கம்ப்யூட்டருக்குச் சரியான எண் வந்தது. இணையமும் வந்தது.

சந்தியாகு மெயிலைத் திறந்தார். நான்கு மாதத்துக் கடிதங்கள் விறுவிறுவென்று வந்து இறங்கின. பாங்கு, இன்சூரன்ஸ், வேஷ்டி தள்ளுபடி. மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். ஸ்பேமிலும் தேடினார். ரெக்சன் பேர் எங்கும் இல்லை.

பார்த்துக்கொண்டிருக்கவே கஷ்டமாக இருந்தது. ஜெனோவா பையைக் கட்டவும் இல்லை, உட்காரவும் இல்லை.

கடைசியில் அவர் கேட்டார். "மோடத்த இன்னொரு தடவ அணைச்சுப் போடுவமா டீச்சர்?"

அவள் குனிந்து மோடத்தைப் பார்த்தாள். எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது.

"லைன்ல இனி ஒரு கோளாறும் இல்ல, அண்ணாச்சி."