பாதியில் போனவர்களுக்கும் ஓர் இலை

ஒரு குரு இருந்தார். அவருக்கு வயது நாற்பத்தைந்து. அவருடைய சீடருக்கு ஐம்பத்தெட்டு. மாற்றி எழுதினால் கதைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் பிறந்த தேதிகள் கதை சொல்கிறவனின் பேச்சைக் கேட்பதில்லை.

குருவின் பெயர் டாக்டர் கனகமணி. நெல்லைச் சீமையில், மலையடிவார ஊர் ஒன்றின் மருத்துவமனையில், புதிய மருந்துகளையும் புதிய படக்கருவிகளையும் சோதித்துப் பார்க்கும் பிரிவுக்கு அவர் தலைவி. அவர் எந்த மருந்தையும் கண்டுபிடித்ததில்லை. பிறர் கண்டுபிடித்தது மருந்துதானா என்று பார்ப்பதே அவர் வேலை. அதனால் அவருக்கு நண்பர்கள் குறைவு.

சீடர் டாக்டர் வேதநாயகம். அதே மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்குப் பெயர்பெற்றவர். காலில் வந்த சர்க்கரைப் புண்ணுக்கு அவரே ஒரு மாத்திரை உருவாக்கி, பல ஆண்டுகளாகக் கொடுத்துவந்தார். ஆறிய புண்களைக் காட்டி, மாத்திரை வேலை செய்கிறது என்றார். கனகமணி ஒருநாள், "மாத்திரை இல்லாமல் ஆறிய புண்களைப் பார்த்திருக்கிறீர்களா, சார்?" என்று கேட்டார். மறுநாளே வேதநாயகம் அவரிடம் சோதனை முறை படிக்க வந்துவிட்டார். தன் வயதில் பாதிகூட ஆகாத மருத்துவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்.

குரு சீடரை 'சார்' என்பார். சீடர் குருவை 'மேடம்' என்பார். இதற்குப் பழைய நூல்களில் முன்மாதிரி இல்லை.

சோதனை தொடங்கியது. எல்லாவற்றையும் சொல்லி, சம்மதம் கேட்டு, ஆட்களைச் சேர்த்தார்கள். குலுக்கல் போட்டு, பாதிப் பேருக்கு வேதநாயகத்தின் மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்து ஏதும் இல்லாத ஒரு வெறும் மாத்திரை. புண்ணைக் கழுவிக் கட்டுவதும் மற்ற கவனிப்பும் எல்லோருக்கும் ஒன்றே. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. புண்ணுக்கு அடியில் ரத்தம் ஓடுவதைக் காட்டும் ஒரு புதுக் கேமராவையும் கூடவே சோதித்தார்கள்.

"படங்களை நானே பார்க்கிறேனே, மேடம். இந்த ஊரில் என்னைவிட அதிகப் புண் பார்த்தவர் யார்?" என்றார் வேதநாயகம்.

"உங்கள் மகள் எந்தப் பள்ளியில் படித்தாள், சார்?"

"என் மனைவி கணக்கு டீச்சராக இருந்த பள்ளியில்."

"மகளின் கணக்குத் தாளை யார் திருத்தினார்கள்?"

"வேறொரு டீச்சர்" என்று சொல்லிவிட்டு வேதநாயகம் எழுந்து போய்விட்டார். படங்களை வெளியூர் மருத்துவர் ஒருவர் பார்த்தார்.

சிலர் பாதியில் மாத்திரையை நிறுத்தினார்கள். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வந்தது: "ஊருக்குப் போயிட்டேன்."

"நம் ஜனங்களுக்கு இத்தனை ஊர் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று" என்றார் வேதநாயகம்.

நிறுத்தியவர்களையும் கனகமணி விடவில்லை. கடைசிப் படம் எடுக்க அவர்களையும் வரவழைத்தார்.

முடிவு வந்தது. கேமரா தேறியது. மாத்திரை தேறவில்லை. இரு பக்கமும் புண்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஆறியிருந்தன.

வேதநாயகம் அந்தத் தாள்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைக் குருவின் மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், என் மாத்திரை கிடைத்தவர்களில் பாதியில் நிறுத்தியவர்களை எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஒழுங்காகச் சாப்பிட்டவர்களை மட்டும் எண்ணினால் என் மாத்திரை ஜெயிக்கிறது. நன்றாகவே ஜெயிக்கிறது."

"ஆமாம், சார். நானும் பார்த்தேன்."

"அப்படியே அனுப்பிவிடலாமே. இந்த மருந்தை ஊரெங்கும் கொடுக்கலாமா என்று முடிவு செய்யும் அரசாங்கக் குழு நம் தாளுக்காகத்தான் காத்திருக்கிறது. எல்லோரையும் சேர்த்து அனுப்பினால் இந்த மருந்து இன்றோடு செத்தது. நானும் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறேன். இதை மறுபடி தூக்கி நிறுத்த ஆள் இல்லை."

"எல்லோரையும் எண்ணுவோம் என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்."

"போட்டேன். அப்போது புரியாமல் போட்டேன். இப்போது கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். விழுங்காத மாத்திரை ஒருவனை எப்படிக் குணப்படுத்தும்? அவனையும் என் மாத்திரையின் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?"

நியாயமான கேள்விதான். இந்தத் துறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்பது. கனகமணி தாள்களை மூடிவைத்தார்.

"நாளை மதியம் சாப்பாடு இருக்கிறதே. அது முடியட்டும். வத்தக்குழம்பு நீங்கள் வைக்கிறீர்களா, சார்?"

வேதநாயகத்தின் முகம் மலர்ந்தது. அவருக்கு உலகில் இரண்டு பெருமைகள். ஒன்று அந்த மாத்திரை. மற்றது அவர் வைக்கும் சுண்டவத்தல் குழம்பு.

சோதனை முடிந்ததும், அதில் சேர்ந்த எல்லோரையும் அழைத்துச் சோறு போட்டு, அவர்களுக்கே முதலில் முடிவைச் சொல்வது அந்தப் பிரிவின் வழக்கம். குலுக்கலில் பெயர் விழுந்த எல்லோருக்கும் இலை உண்டு.

"பாதியில் ஓடியவர்களுக்குமா?" என்றார் வேதநாயகம்.

"அவர்களுக்கும்தான்."

வந்திருந்த அனைவரும் சர்க்கரை நோயாளிகள் என்பதால் பாயசம் கிடையாது. பாயசம் இல்லாத பந்தியை விருந்து என்று அழைக்கலாமா என்பதை அறிஞர்கள்தான் தீர்க்க வேண்டும். ஆனால் குழம்பு இருந்தது. வேதநாயகம் தானே வாளியும் கரண்டியுமாகப் பந்தியில் இறங்கினார்.

"டாக்டரய்யா, இன்னும் ஒரு கரண்டி விடுங்க. மாத்திரையத்தான் எண்ணி எண்ணிக் குடுத்திய" என்றார் ராசையா. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இடது கால் கட்டைவிரலில் புண் வந்து, இந்தச் சோதனையில் சேர்ந்தவர்.

வேதநாயகம் மூன்று கரண்டி விட்டார். "எப்படிவே இருக்கு?"

"இதுக்காவே இன்னொரு புண்ணு வரலாம்."

பந்தி முடிந்தது. வேதநாயகம் முகத்தில் வியர்வையும் வெற்றியுமாக வந்து நின்றார்.

"குழம்பு எப்படி இருந்ததாம், சார்?" என்றார் கனகமணி.

"ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. அத்தனை பேரும் பிரமாதம் என்றார்கள்."

"யாரைக் கேட்டீர்கள்?"

"மறுபடி வாங்கியவர்களை."

கனகமணி பந்திப் பக்கம் திரும்பினார். இலை எடுக்க வந்த ஆட்களைக் கையமர்த்தி நிறுத்தினார்.

"அந்த இலைகளைக் கொஞ்சம் திறந்து பார்க்கிறீர்களா?"

பிறர் சாப்பிட்டு மூடிய இலையைத் திறப்பது யாருக்கும் அத்தனை சுலபமில்லை. வேதநாயகத்துக்கு அந்த ஊரில் ஒரு மரியாதை இருந்தது. அவர் சுற்றிலும் பார்த்தார். குரு காத்துக்கொண்டிருந்தார். வேதநாயகம் குனிந்து ஓர் இலையைத் திறந்தார். வழித்துச் சாப்பிட்டிருந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது இலையில் குழம்பு ஊற்றிய சோறு ஓரமாக ஒதுக்கிக் கிடந்தது. அவர் வரிசையோடு நடந்தார். ஒதுக்கிய சோறு அங்கங்கே இருந்தது. சிலர் அதன்மேல் கீரையை வைத்து மறைத்திருந்தார்கள்.

"இந்த இலைகளை விட்டுவிடலாமா, சார்? இவர்கள்தான் குழம்பைச் சாப்பிடவே இல்லையே."

வேதநாயகம் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம், இது நல்ல வேடிக்கை. ஆனால் மருந்து குழம்பு இல்லை. குழம்பைப் பிடிக்காமல் ஒதுக்குவார்கள். மாத்திரையைச் சோம்பலில் விடுவார்கள். இல்லையென்றால் ஊருக்குப் போய்விடுவார்கள்."

"கேட்டீர்களா?"

"கேட்டோமே. அவர்களே சொன்னது."

"கேட்டது நம் ஆட்கள். நீங்கள் கேட்டீர்களா?"

ஒதுக்கிய சோற்றை மறைத்த இலைகளில் ஒன்று இசக்கியம்மாளுடையது. பேருந்து நிலையத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவர். வேதநாயகத்தின் மாத்திரை கிடைத்து, அதைப் பாதியில் நிறுத்தியவர்களிலும் ஒருவர். கைகழுவிவிட்டு வந்தவரை வேதநாயகம் மடக்கினார்.

"ஏம்மா, குழம்பு பிடிக்கலையா?"

"ஐயோ, நல்லா இருந்துச்சு டாக்டரய்யா. எனக்குத்தான் வயிறு சரியில்ல."

"நானும் முப்பது வருஷமா வயிறு பாக்கிறவன். உண்மையைச் சொல்லுங்க."

இசக்கியம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்தார். "கசப்பு கொஞ்சம் கூடிட்டு. நீங்களே கரண்டியோட நிக்கும்போது எப்படிச் சொல்ல?"

"சரி. அப்ப மாத்திரைய ஏன் நிறுத்தினீங்க? ஊருக்குப் போனதா எழுதியிருக்கே."

"நான் எந்த ஊருக்குப் போனேன்? கடையப் போட்டுட்டு நான் சங்கரன்கோயிலுக்குக்கூடப் போனதில்ல."

"பிறகு?"

"அதப் போட்டா மத்தியானம் வரைக்கும் கொமட்டிக்கிட்டே இருக்கும். அடுப்பு முன்னால நிக்க முடியல. இட்லி மாவைப் பாத்தாலே வயித்தப் பெரட்டும்."

"என்கிட்ட வந்து சொல்லலாமே."

"உங்க மாத்திரையில்லா. சொன்னா சங்கடப்படுவியளேன்னு ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லிட்டேன். மாத்திரைய விட்ட பொம்பளைங்க முக்காவாசிப் பேரு அப்படித்தான் சொன்னாளுவ."

வேதநாயகம் அவரைப் போகச் சொன்னார். அங்கேயே, திறந்த இலைகளின் நடுவில், ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். கனகமணி பக்கத்தில் வந்து நின்றார்.

"மாத்திரையைத் தாங்க முடியாதவர்கள் விலகிவிட்டார்கள்" என்றார் வேதநாயகம் மெதுவாக. "தாங்கியவர்கள் உடம்பில் தெம்பு உள்ளவர்கள். அவர்கள் புண் எப்படியும் ஆறியிருக்கும். அவர்களை மட்டும் எண்ணிவிட்டு, நான் ஜெயித்தேன் என்கிறேன்."



"எல்லோரும் காத்திருக்கிறார்கள். முடிவை நீங்கள் சொல்கிறீர்களா, மேடம்?"

"நான் சொன்னால் அது தாளைப் படிப்பதுதான். மாத்திரை உங்களுடையது. நீங்கள் சொல்லுங்கள்."

வேதநாயகம் எழுந்தார். சட்டையில் குழம்புக்கறை இருந்தது. கூட்டத்தின் முன்னால் போய் நின்றார். பேச்சு அடங்கியது.

"என் மாத்திரை கிடைத்தவர்களுக்கும் வெறும் மாத்திரை கிடைத்தவர்களுக்கும் புண் ஆறியதில் வித்தியாசம் இல்லை" என்றார். "என் மாத்திரை சிலருக்குக் குமட்டல் கொடுத்திருக்கிறது. அது எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும்படி நான் நடந்துகொள்ளவில்லை. இந்த மாத்திரையை இனி நான் யாருக்கும் எழுதித் தரமாட்டேன். இதையேதான் அரசாங்கத்துக்கும் எழுதப்போகிறோம்."

பின்வரிசையில் ராசையா எழுந்தார்.

"எனக்கு எந்த மாத்திரை, டாக்டரய்யா?"

கனகமணி தாளைப் பார்த்தார். "உங்களுக்கு வெறும் மாத்திரை, ராசையா."

"ஏ, ஒரு வருசமா மாவு உருண்டையத் தின்னுருக்காருவே" என்றது ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

"சிரிங்கவே, நல்லா சிரிங்க" என்றார் ராசையா. அவர் உட்காரவில்லை. "நான் அத ஒருநாள் விடாமத் தின்னேன். நாங்க வெறும் மாத்திரை தின்னதுனாலதான டாக்டரய்யா மாத்திரையும் வெறும் மாத்திரைதான்னு தெரிஞ்சுது? நாங்க இல்லாட்டா அவரு இன்னும் பத்து வருசம் குடுத்துக்கிட்டே இருப்பாரு, நீங்களும் கொமட்டிக்கிட்டே திரிவிய. இதுல எனக்கு என்னவே கேவலம்? எம் பேரன்கிட்ட சொல்லத்தான் போறேன்."

சிரிப்பு நின்றது. பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தார். "அப்ப நான்?" என்று இசக்கியம்மாள் கேட்டார். "பாதியில விட்டவளுக்கு இதுல என்ன இருக்கு?"

"நீங்க விட்டதும் கணக்குல இருக்கும்மா" என்றார் வேதநாயகம். "உங்களை எடுத்துட்டா நான் பொய் சொன்னவனாகிறேன்."

இசக்கியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். ராசையாவைப் பார்த்து, "கேட்டீரா?" என்றார்.

கூட்டம் கலையத் தொடங்கியது. பலர் வேதநாயகத்திடம் வந்து சொல்லிக்கொண்டு போனார்கள். தோற்றவரிடம் சொல்லிக்கொள்ளும் குரல் அல்ல அது. கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பனிடம் சொல்லிக்கொண்டு போவதுபோல இருந்தது. வேதநாயகத்துக்கு அது விளங்கவில்லை. எல்லோரும் போன பிறகு குருவிடம் வந்தார்.

"முப்பது வருஷமாக இந்த ஊரில் என் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது, மேடம். வேதநாயகம் சொன்னால் சரியாக இருக்கும் என்பார்கள். ஓய்வு பெறும்போது அதையாவது வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன். இன்று என் வாயாலேயே அதையும் தொலைத்துவிட்டேன், இல்லையா?"

கனகமணி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நேற்றுவரை நீங்கள் சொன்னதை, உங்களைப் பிடித்தவர்கள் நம்பினார்கள், சார். இன்று சொன்னதை உங்களைப் பிடிக்காதவர்களும் நம்புவார்கள்."