புல்லுக்காரி வைக்காத கைநாட்டு

ஒரு ஊர்ல, ஒரே ஒரு கண்மாய நம்பிப் பொழைச்ச ஊரு அது, அந்த ஊர்ல குருவம்மா குருவம்மான்னு ஒருத்தி இருந்தா. விடிஞ்சதும் பண்ணருவாள இடுப்புல சொருகிக்கிட்டுக் கண்மாய்க்குப் போவா, புல்லு அறுப்பா, கட்டாக் கட்டித் தலையில தூக்கிட்டு வந்து மாடு வச்சிருக்கவுக வீட்டுல போடுவா, அவுக குடுக்கிற கம்போ நெல்லோ வாங்கிட்டுப் போயிக் கஞ்சி காச்சுவா. எழுதப் படிக்கத் தெரியாது. ஊர்ல அவளுக்குப் புத்தி மட்டுன்னு பேரு. ஏன்னா, யாரு எதக் கேட்டாலும் மனசுல இருக்கறத அப்படியே சொல்லிப்புடுவா. அதுக்குப் பேரு புத்தி மட்டாம், கேட்டுக்கோங்க!

அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. கண்மாய் வெட்ட, மடை கட்ட, பாதை போட ராஜா தன் களஞ்சியத்துல இருந்து நெல்லு குடுப்பாரு. ஆனா சும்மா தூக்கிக் குடுக்க மாட்டாரு. வேலைய ஒருத்தன் குத்தகைக்கு எடுத்துச் செய்யணும். செஞ்ச வேலைய ஊர்க்காரங்க மூணு பேரு பாத்து, ‘ஆமா, சொன்னபடி நடந்திருக்கு’ன்னு ஓலையில கைநாட்டு வைக்கணும். மூணு கட்டைவிரலும் விழுந்தாத்தான் களஞ்சியம் தொறக்கும். ஒரு விரலு கொறஞ்சாலும் பூட்டுப் பூட்டுதான். அந்த மூணு பேருக்கு வாரியம்னு பேரு.

அந்த மூணு பேர எப்படிப் பிடிக்கிறதுன்னு கேக்கணுமே நீங்க? வீட்டுக்கு ஒரு ஓலைன்னு கோயில் முன்னால பரப்பி வச்சு, கோயில் கன்னுக்குட்டிய அவுத்து விடுவாங்க. அது எந்த ஓலைய வாயில கவ்வுதோ அந்த வீட்டு ஆளு வாரியம். அந்த வருஷம் மொத ஓலை பெரிய வீட்டுத் திருமலையப்பருக்கு. ரெண்டாவது ஓலை எண்ணெய்க்கடை சங்கரலிங்கத்துக்கு. மூணாவதா கன்னுக்குட்டி நேரா ஓடிப்போயி குருவம்மா ஓலையக் கவ்வுச்சு. கவ்வாதா பின்ன? அவ கை பட்ட ஓலையில பச்சப்புல்லு வாசனையில்ல அடிச்சிருக்கும்!

ஊரே சிரிச்சுது. சிரிக்கட்டும்.

அந்த வருஷம் கண்மாய் வெட்டுற குத்தகைய யாரு எடுத்தான்னா, ராஜாவோட மச்சினன் வீரபாகு. ஆளு நல்ல நெட்டை. அது பத்தாதுன்னு தலையில ஒரு பெரிய தலப்பாகை வேற. கண்மாய மூணு முழம் ஆழம் வெட்டணும், அதுக்கு முந்நூறு மூட்டை நெல்லுன்னு பேச்சு. போன வருஷம் தை மாசமே கண்மாய் வத்திப்போயி, பயிரெல்லாம் கருகி, குருவம்மா கன்னுல இருந்து வளத்த பசு தண்ணியில்லாம அவ கண்ணு முன்னாலயே விழுந்து செத்துச்சு. அதனால இந்த வேலை நல்லபடியா நடக்கணும்னு அவளுக்கு ரொம்ப ஆசை.

எவ்வளவு ஆழம் வெட்டியிருக்குன்னு எப்படித் தெரியும்? அதுக்கும் வழக்கம் இருக்கு. வெட்டும்போது எல்லாத்தையும் வெட்டிப்புட மாட்டாங்க. அங்கங்க ஒரு ஆளு நிக்கிற அளவுக்கு மண்ண வெட்டாம அப்படியே விட்டுருவாங்க. அதுதான் சாட்சித் திட்டு. திட்டு எவ்வளவு ஒசரமோ, பள்ளம் அவ்வளவு ஆழம். சரிதானே? ம் கொட்டுங்க.

வேலை முடிஞ்சுதுன்னு வாரியத்தக் கூப்பிட்டாங்க. வாரியம் எங்க கூடும்? கண்மாய்க்கரை மேல, பந்தல் நெழல்ல. வடை வரும், பானகம் வரும், மூணு பேரும் தின்னுக்கிட்டே தூரத்துல நிக்கிற திட்டப் பாப்பாங்க, தலைய ஆட்டுவாங்க, கைநாட்டு வைப்பாங்க. காலங்காலமா அப்படித்தான்.

திருமலையப்பரு வடையத் தின்னாரு, திட்டப் பாத்தாரு, “மூணு முழம் இருக்கும்”னு கைநாட்டு வச்சாரு. அவரு கொட்டில்ல ஒரு வாரமா புதுசா ஒரு கறவை எருமை நிக்குது. அது எப்படி வந்துச்சுன்னு நான் சொல்லணுமா? சங்கரலிங்கம் பானகத்தக் குடிச்சாரு, திட்டப் பாத்தாரு, “தாராளமா இருக்கும்”னு கைநாட்டு வச்சாரு. இனிமே அரமனை வெளக்குக்கெல்லாம் அவரு கடை எண்ணெய்தான்.

குருவம்மா வடையத் தொடல. கண்ணச் சுருக்கிட்டுத் திட்டையே பாத்தா. திட்டு மேல பச்சப்பசேல்னு அருகம்புல்லு. கண்மாய்க்குள்ள, அந்த உள்வாயில கோரைதான் மொளைக்கும், அருகு கரை மேலதான் படரும். இருவது வருஷமா தெனம் அறுக்கறவளுக்கு இது தெரியாதா? உள்வாய்த் திட்டு மேல கரைப் புல்லு எப்படி ஏறுச்சு?

வீரபாகு மைக்கிண்ணத்த நீட்டுனான். “வைய்யி தாயி, வெயிலு ஏறுது.”

“நான் உள்ள எறங்கிப் பாக்கணுமே.”

“இங்கருந்தே தெரியுதே! இந்த வாரியத்துல யாரும் எறங்குனதே கெடையாது.”

“என் காலு பாக்காததுக்கு என் விரலு சாட்சி சொல்லாதுங்க”ன்னு சொல்லிட்டா.

எறங்க விட்டானா? அடியாளு நாலு பேர நிறுத்தி, “உள்ள சேறு, பாம்பு கெடக்கு, பொம்பள எறங்கப்படாது”ன்னு மறிச்சுப்புட்டான். மண்ணு வெட்டுன சனமெல்லாம் அங்கதான் நின்னுது, ஆனா ஒருத்தரும் வாயத் தொறக்கல. அவுக கூலி நெல்லு அவன் கையில இருந்துச்சு, பாவம்.

மறுநாள் காலையில ஒரு ஆளு பட்டுச்சேலையோட குருவம்மா வீட்டுக்கு வந்தான். “வீரபாகு ஐயா குடுத்தாரு. கட்டிக்கிட்டு வந்து கைநாட்டு வச்சிரு.”

“இதக் கட்டிக்கிட்டுப் புல்லு சொமந்தா சேலை பாழாப் போயிருமே தம்பி. கொண்டுபோயி ஒங்க ஐயாவையே கட்டிக்கச் சொல்லு. என் காலு பாக்காததுக்கு என் விரலு சாட்சி சொல்லாது.”

அதுக்கு மறுநாள் வீரபாகுவே வந்து வாசல்ல நின்னான். “இன்னையில இருந்து கண்மாய்ல நீ ஒரு புல்லு அறுக்கக் கூடாது. அருவாளோட பாத்தேன், கைய ஒடிச்சிருவேன். எத்தன நாளைக்குப் பட்டினி கெடப்ப?”

குருவம்மாவுக்குப் பயமா இருந்துச்சு. ஆமா, பயந்தா. பயப்படலன்னு நான் ஒங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன். பானையில ரெண்டு நாளைக்குத்தான் கம்பு கெடந்துச்சு. ஆனா செத்துப்போன பசு தண்ணி கேட்டு முட்டுன வாசக்காலு அங்கதான் இருக்கு. அதப் பாத்தா, அவளுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துருச்சு.

“கைய ஒடிச்சா விரலு எப்படிய்யா ஓலையில விழும்? என் காலு பாக்காததுக்கு என் விரலு சாட்சி சொல்லாது, போங்க!”

அவன் வேற வழியில்லாம ராஜாகிட்டப் போயி மொறையிட்டான். “மாமா, ஒரு புல்லுக்காரி ஒங்க நெல்லையும் தடுக்கிறா, நம்ம மானத்தையும் வாங்குறா!” ராஜாவுக்கு மீச துடிச்சுது. மறுநாளே குதிரையில ஏறிக் கண்மாய்க்கே வந்துட்டாரு. ஊரே தெரண்டு நிக்குது.

“நீதான் குருவம்மாவா? என் மச்சினன் மேலயே சந்தேகமா ஒனக்கு?”

அவ கும்பிட்டா. குனிஞ்சு கும்பிடல, நிமிந்து நின்னே கும்பிட்டா. “மச்சினன் ஒங்களுக்கு, மகாராசா. கண்மாய் எங்களுக்கு. நெல்லும் நாங்க வெளைய வச்சு அளந்ததுதான். சும்மா ஆடுறதுக்கா வாரியத்துல எனக்கு ஒரு தலை? எறங்கிப் பாக்க விடுங்க. சரியா இருந்தா பத்து விரலையும் வைக்கிறேன். இல்லன்னா என் தலையே போனாலும் வைக்க மாட்டேன்.”

ராஜா அவளையும் பாத்தாரு, திட்டையும் பாத்தாரு. பெறகு குதிரைய விட்டு எறங்குனாரு. “வா, நானும் வாரேன்.”

ராஜாவே எறங்குறாருன்னா அடியாளு மறிப்பானா? ரெண்டு பேரும் உள்வாய்க்குள்ள நடந்து போனாங்க. சேறும் இல்ல, பாம்பும் இல்ல. திட்டுப் பக்கத்துல போயி நின்னா குருவம்மா. இடுப்புல இருந்த பண்ணருவாள எடுத்தா. திட்டுப் பக்கவாட்ட மேலருந்து கீழ ஒரு சீவு சீவுனா. பொலபொலன்னு மண்ணு உதிர்ந்துச்சு. இன்னொரு சீவு சீவுனா. மேல் மண்ணு மொத்தமும் சரிஞ்சு விழுந்துருச்சு. மூணாவது சீவுல அருவா ணங்குன்னு கெட்டி மண்ணுல நின்னுச்சு.

அங்க பாத்தா, வெட்டுன பள்ளத்துல இருந்து ஒரே ஒரு முழத்து ஒசரத்துல, வரிசையாக் கோரை! பொதைஞ்சு அமுங்கிக் கெடக்கு. கோரையக் கொல்ல யாரால முடியும்? அந்த இருட்டுலயும் கெழங்கு வெடிச்சு, வெள்ளவெள்ளையா மொளை விட்டு, வெளிச்சத்தத் தேடி எட்டிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

“பாத்துக்கோங்க மகாராசா. இதுதான் கண்மாயோட பழைய தரை. வெட்டுனது ஒரு முழம். வெட்டுன மண்ண எடுத்துத் திட்டு மேலயே ரெண்டு முழம் குமிச்சு, யாருக்கும் தெரியாம இருக்கக் கரைப் புல்ல வெட்டி ஒட்டியிருக்காரு ஒங்க மச்சினன். எல்லாத்தையும் சரிக்கட்டுனாரு, கோரைய மட்டும் சரிக்கட்ட முடியல.”

வீரபாகு மூஞ்சி செத்துப்போச்சு. திருமலையப்பரு கூட்டத்துக்குள்ள பதுங்குனாரு. ராஜா பல்லக் கடிச்சுக்கிட்டு, “இவனச் செறையில தள்ளுங்கடா!”ன்னாரு.

“வேணாம் மகாராசா”ன்னா குருவம்மா. “செறையில ஒக்காந்து ஒங்க சோத்தத் தின்னா, எங்க கண்மாய யாரு வெட்டுறது? மம்பட்டிய அவரு கையில குடுங்க. மண்ணு கூடைய வாரியத்துப் பெரியவுக ரெண்டு பேரு தலையில வைங்க. மொதல்ல வேலை செஞ்ச சனத்துக்குக் கூலிய அளந்துருங்க. திட்டுப் பொய் சொல்லும்னு தெரிஞ்சுபோச்சு, இனிமே இந்த ஐயாதான் சாட்சித் திட்டு. இவரப் பள்ளத்துல நிறுத்துவோம், இவரு தலை மறையுற ஆழம் வரைக்கும் இவரே வெட்டட்டும்.”

ராஜா சிரிச்சுட்டாரு. அப்படியே ஆகட்டும்னுட்டாரு.

அப்புறம் என்ன, தெனம் சாயங்காலம் குருவம்மா வெட்டாத மேட்டுல குத்தவச்சு, தரையோட தரையா ஒரு கம்ப நீட்டுவா. வீரபாகு பள்ளத்துல வந்து நிப்பான். கம்பு மொதல்ல இடுப்புல இடிக்கும், போகப்போக நெஞ்சுல, அப்புறம் தலப்பாகையில இடிக்கும். “வெட்டுங்க ஐயா.” மறுநாள் தலப்பாகையக் கழட்டிட்டு வந்து நிப்பான். கம்பு வழுக்கையில இடிக்கும். “வெட்டுங்க ஐயா.” அதுக்கு மறுநாள் முழங்கால மடக்கிக் கூனிக்கிட்டு நிப்பான். “நிமிந்து நில்லுங்க ஐயா, ராஜா மச்சினன் கூனலாமா?” கரை மேல சனம் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கும். திருமலையப்பரு கூடையோட ஏறி ஏறி எளைச்சு, எருமைய வீரபாகு வீட்டுக்கே திருப்பி ஓட்டி விட்டுட்டாரு.

ஒரு நாளு கம்ப நீட்டுனா, அது எதுலயும் இடிக்காமப் போயி அந்தப் பக்கத்து மேட்டத் தொட்டுச்சு. அன்னைக்குத்தான் குருவம்மா பள்ளத்துக்குள்ள எறங்கி, நாலு பக்கமும் நடந்து பாத்து, அங்கயே ஒக்காந்து மையில விரல முக்கி, ஓலையில அழுத்தி வச்சா.

ஐப்பசியில மழை அடிச்சு ஊத்துச்சு. அந்த வருஷம் பங்குனி வரைக்கும் கண்மாய்ல தண்ணி கெடந்துச்சு. குருவம்மா ஒரு கன்னுக்குட்டி வாங்குனா. அதுக்கப்புறம் அந்த ஊர்ல வாரியம் கரை மேல பந்தல்ல கூடுறதே கெடையாது. கண்மாய் வேலையின்னா பள்ளத்துக்குள்ளதான் கூடணும், வடை கெடையாது.

கண்மாயும் நெறஞ்சுது, என் கதையும் நெறஞ்சுது. எந்திரிச்சுப் போயிச் சாப்பிடுங்க. நாளைக்குப் பெரிய மனுசன் எவனாவது வந்து, ‘எல்லாம் சரியா இருக்கு, நீ ஒரு கைநாட்டு வைய்யி’ன்னு மையி நீட்டுனா, மொதல்ல கீழ எறங்கிப் பாருங்க. எறங்க விடலன்னா, விரல மடக்கி வச்சுக்கோங்க.