பூதன் பாடிய பள்ளியெழுச்சி

முன்னொரு காலத்தில், மார்கழிக் குளிருக்குப் பயந்து ஒரு நாடே போர்வைக்குள் சுருண்டு கிடந்தது. கோலம் போட வரும் பெண்களைத் தவிர, வெயில் ஏறும் வரை தெருவில் ஒரு தலை தெரியாது. அந்த நாட்டு அரசர் நெடுங்கோவுக்கு விடியும் முன்பே தூக்கம் கலைந்துவிடும். அரசன் விழித்திருக்கும்போது குடிகள் குறட்டை விடுவது எந்த ஊர் நியாயம் என்று அவருக்கு மனம் பொறுக்கவில்லை.

ஒருநாள் சபையில், "இந்த ஊரை எழுப்ப ஒரு வழி சொல்லுங்கள்" என்று கேட்டார்.

பட்டத்து யானையைத் தெருத்தெருவாகப் பிளிற விடலாம் என்றார் சேனாதிபதி. தூங்குகிறவர்களுக்கு வரி போடலாம் என்றார் அமைச்சர். அப்போது அவைப்புலவர் மங்கைபாகர் எழுந்தார். எதுகை இல்லாமல் தண்ணீர்கூடக் கேட்காத மனிதர் அவர்.

"மன்னவா! பொன்னில் ஒரு கிளி செய்து ஊருக்குள் ஒளித்து வைப்போம். இன்ன இடம் என்பதைப் பாட்டில் மறைத்துப் பறையறைவோம். கண்டெடுத்தவர்க்கே கிளி. பிறகு யார் தூங்குகிறார் என்று பாருங்கள்."

அரசருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அருமை! எங்கே ஒளித்தீர் என்று எனக்கும் சொல்லாதீர். நானும் தேடுவேன்!"

"அவ்வாறே மன்னா. ஆனால் ஒரு சிறு விண்ணப்பம்" என்று புலவர் சபையின் கடைசித் தூணைப் பார்த்தார். அங்கே தூணோடு தூணாக நின்றிருந்தான் விகடகவி பூதன். பேர்தான் பூதன், ஆள் ஈர்க்குச்சி. பெயர் வைக்கிற நேரத்தில் தன் தாய் பக்கத்து வீட்டுக் குண்டுப் பிள்ளையைப் பார்த்துவிட்டாள் என்று அவனே சொல்லிக்கொள்வான். புலவர் நாள் முழுக்கப் பாடினால் அரசர் கொட்டாவி விடுவார்; பூதன் ஒரு வார்த்தை சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அந்த வயிற்றெரிச்சல் மங்கைபாகருக்குப் பல நாளாக இருந்தது.

"விகடகவி என்ற பட்டத்தில் கவி என்ற சொல்லும் இருக்கிறது மன்னா. அதற்கு இவர் தகுதியா என்று பார்த்துவிடுவோம். தை பிறப்பதற்குள் இவர் கிளியைக் கண்டுபிடித்தால் நான் ஊரை விட்டுப் போகிறேன். இல்லையென்றால் இவர் போகட்டும்."

"என்ன பூதா, சம்மதமா?" என்றார் அரசர்.

"மன்னா, உப்பு எடுத்துவரச் சொல்லி என் மனைவி அடுப்பங்கரைக்கு அனுப்பினால், நான் புளியோடு திரும்புகிறவன். என்னை நம்பிப் புலவர் இவ்வளவு பெரிய பந்தயம் வைக்கிறாரே என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது."

சபை சிரித்தது. அரசரும் சிரித்தார். ஆனால் பந்தயத்தை விட அவருக்கு மனமில்லை. "சரி, அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

சில நாள் கழித்து, பனி மூட்டத்துக்குள்ளிருந்து பறைச் சத்தம் கேட்டது. பறையறைகிறவன் குளிரில் தாடை நடுங்க முதல் பாட்டைச் சொன்னான்:

ஊருக்கு நடுவிலே ஒருவரும் தொடாதது,
பேருக்கு மரந்தான், பிஞ்சொன்றும் விடாதது,
தேருக்கு மேலான சிங்காரம் கெடாதது,
யாருக்குக் கிட்டுமோ, எட்டியும் படாதது!

ஊர் விழித்துக்கொண்டது. பொற்கிளி என்றதைப் பச்சைக்கிளி என்று கேட்ட சிலர் கொய்யாப் பழத்தோடு தோப்புக்குள் ஓடினார்கள். தேர் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட சிலர் கோயில் தேரில் ஏறி, இறங்க வழி தெரியாமல் கூவினார்கள். மற்றவர்களெல்லாம் மண்வெட்டியோடு பூதன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஊர் நடுவில் காய்க்காத மரம் என்றால் அது பூதன் வீட்டுப் பலாமரந்தான் என்பது அவர்கள் முடிவு.

பூதன் மனைவி உமையாள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு வெளியே வந்து பார்த்தபோது, மரத்தைச் சுற்றி ஆள் மட்டத்துக்குக் குழி.

"ஏங்க, இதென்ன கூத்து? நம்ம மரத்த எதுக்குத் தோண்டுறாங்க?"

"நம்ம வீட்ல ஒண்ணும் வெளையாதுங்கற சங்கதி ஊருக்கே தெரிஞ்சுபோச்சு, உமையா. நானும் ஒரு ஓரமாத் தோண்டறேன், மண்வெட்டி எங்க?"

அவன் தோண்டினான். கிடைத்தது ஒரு ஓட்டாஞ்சில்லு.

மார்கழி தேய்ந்துகொண்டே வந்தது. கிளி யாருக்கும் கிடைக்கவில்லை. சந்தைமேட்டிலும் குளக்கரையிலும் காலை வைக்க இடமில்லாமல் குழிகள். ஒருநாள் மதியம் பூதன் வீட்டுக்கு வந்தபோது உமையாள் பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"தை பொறந்தா கெளம்பணும்ல. கடைசி நேரத்துல அவசரப்பட்டா அம்மிய மறந்துருவேன்."

"அம்மிய நான் தூக்கிட்டு வரேன்."

"உங்கள யாரு தூக்கறது?"

உமையாள் தலையைத் தூக்காமலே, "போற ஊர்ல உங்க பேச்சுக்குச் சிரிப்பாங்களாங்க?" என்று கேட்டாள். பூதன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கரண்டியை எடுத்துச் சாக்கில் போட்டான்.

மறுநாள் சபையில் இரண்டாவது பாட்டு. இதை மங்கைபாகரே எழுந்து பாடினார்:

வையம் வணங்கும் வாசலைத் தாண்டி
மெய்யாய் அடைகாக்கும் மேலோன் கீழே!
கையால் எடுக்கக் கருதுவார் யாரோ?
ஐயோ பாவம், அவன்தலை போமே!

எல்லோரும் பாட்டை யோசித்தார்கள். பூதனுக்குப் பாட்டு ஒரு வரிகூட விளங்கவில்லை. விளங்காததால் சும்மா ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். புலவர் 'அடைகாக்கும்' என்று பாடியபோது அவர் கண் ஒரு நொடி அரியணைப் பக்கம் ஓடித் திரும்பியது. அரியணையில் அரசர் இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் சாய்ந்தார், முகத்தைச் சுளித்தார்.

"இந்தப் பாழும் குளிர் இடுப்பில் இறங்கிவிட்டது" என்று அரண்மனை வைத்தியரிடம் முணுமுணுத்தார். "நீர் தந்த தைலத்துக்கும் கேட்கவில்லை. இத்தனைக்கும் புலவர் எனக்கென்று அன்போடு தைத்து, தம் கையாலேயே விரித்துத் தந்த இலவம்பஞ்சு மெத்தைமேல்தான் உட்கார்கிறேன்!"

பூதனுக்குத் தலையில் யாரோ தண்ணீர் தெளித்தாற்போல் இருந்தது. காய்க்காத மரம் என்றால் மரத்தால் செய்த அரியணை. அடைகாக்கிறவர் அரசர். கிளி அவருக்கு அடியில்தான் இருக்கிறது!

ஆனால் எடுப்பது எப்படி? அந்த நாட்டில் ஒரு சட்டம். அரசர் அமர்ந்துவிட்டால், சபை கலையும் வரை அவரை எழச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சொன்னவன் தலை தங்காது; கிளி அடியில் இருக்கிறது என்பதும் எழச் சொன்னதாகத்தான் ஆகும். சபை கலைந்த பிறகோ அரியணைக்கு வேல்காரர்கள் காவல். அந்த நேரத்தில் அதில் கை வைத்தவன் ராஜதுரோகி; அவனுக்கும் அதே கதிதான். கண்டுபிடிக்காதவனுக்கு ஊர் போகும், கண்டுபிடித்தவனுக்குத் தலை போகும்படி மங்கைபாகர் பின்னிய வலை அது.

மார்கழியின் கடைசி நாள். முடிவைப் பார்க்க ஊரே சபை மண்டபத்தில் கூடிவிட்டது. மங்கைபாகர் புதுப் பட்டு உடுத்தி வந்திருந்தார்.

"பூதா, கிளி கிடைத்ததா?" என்றார் அரசர். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது.

"கையில் இல்லை மன்னா. போவதற்கு முன் ஒரே ஓர் ஆசை. மார்கழியில் மன்னருக்குப் பள்ளியெழுச்சி பாடுவது புண்ணியம் என்பார்கள். அந்தப் பேறு எனக்குக் கிட்டவே இல்லை. இன்று ஒருமுறை பாட உத்தரவு தர வேண்டும்."

"நான்தான் விழித்திருக்கிறேனே?"

"என் பாட்டுக்கு அதுதான் நல்லது மன்னா. தூங்குகிறவர் திடீரென்று கேட்டால் பயந்துவிடுவார்."

மங்கைபாகர் கைதட்டிச் சிரித்தார். "பாடட்டும் மன்னா, பாடட்டும்! இவருடைய கவிப்புலமையை ஊரும் ஒருமுறை கேட்கட்டும். முடியும் வரை யாரும் தடுக்கக் கூடாது!"

அரசர் தலையசைத்தார். பூதன் தொண்டையைக் கனைத்தான். எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம் சுற்றியதுபோல அவன் குரல் எழுந்தது:

காகமும் கரைந்தது, கறவையும் கத்திற்று,
பாகலும் பழுத்தது, பானையும் பொங்கிற்று,
போகவும் நேரமாம், போர்வையை மடித்தெடு,
வேகமாய் மன்னவா, எழுந்தருள்வாயே!

மண்டபத்துப் புறாக்கள் படபடவென்று பறந்தன. சேனாதிபதி பல்லைக் கடித்துக்கொண்டார். அரசர் கண்ணை மூடினார். அடியில் உறுத்தல், காதில் இந்தக் குரல். பூதன் விடவில்லை:

வடையும் வெந்தது, வாணலி காய்ந்தது,
குடையும் விரிந்தது, கோழியும் மேய்ந்தது,
தடையும் ஏதையா, தாமதம் ஏதையா,
நடையும் பழகவே எழுந்தருள்வாயே!

'வாயே' என்பதை அவன் இழுத்த இழுப்பில் வெளியே கட்டியிருந்த குதிரை கனைத்தது.

"பூதா, இன்னும் எத்தனை பாட்டு?" அரசரின் குரல் கெஞ்சியது.

"இதுவரை பாடியது காப்புச் செய்யுள் மன்னா. நூல் இனிமேல்தான்."

"ஐயோ!" என்று அரசர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அரியணையை விட்டுத் துள்ளி எழுந்து, சாளரத்தை நோக்கி விரைந்தார். அவர் திரும்புவதற்குள் பூதன் பாய்ந்துபோய் மெத்தையைத் தூக்கினான். அடியில் மினுமினுத்தது பொற்கிளி. வால் மட்டும் நசுங்கியிருந்தது. அது யார் வேலை என்று யாரும் கேட்கவில்லை.

"அபசாரம்!" என்று அலறினார் மங்கைபாகர். "மன்னரை எழச் சொல்லிவிட்டான்! சபையறியச் சொன்னான்!"

"புலவர் பெருமானே, பள்ளியெழுச்சியில் எழச் சொல்லாமல் படுக்கவா சொல்வார்கள்? முடியும் வரை தடுக்கக் கூடாது என்றதும் தாங்கள்தானே!"

அரசர் கிளியைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார், தம் இடுப்பைத் தடவிப் பார்த்தார்.

"பூதா, இது இங்கே இருப்பதை எப்படி அறிந்தாய்?"

"என் அறிவால் இல்லை மன்னா. பாட்டு விளங்கியிருந்தால் நானும் குளத்தைத் தோண்டப் போயிருப்பேன். விளங்காததால் புலவர் முகத்தைப் பார்த்தேன், தங்கள் முகத்தைப் பார்த்தேன். அடைகாக்கிற கோழிகூட அவ்வளவு நெளியாது."

ஒரு கணம் அரசரின் மீசை துடித்தது. பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்து இடுப்பு வலி திரும்ப வந்து, அதற்கும் சிரித்தார். ஊரும் சிரித்தது. மங்கைபாகர் மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புலவரே, பந்தயப்படி நீர் நாளையே ஊரை விட்டுப் போக வேண்டும்" என்றார் அரசர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பூதன் முன்னால் வந்தான். புலவர் முகத்தில் இப்போது இருந்த கலக்கம், சாக்கின் அருகே உட்கார்ந்திருந்த உமையாளின் முகத்தில் அவன் கண்டதேதான். "மன்னா, அவர் போய்விட்டால் இந்தச் சபைக்கு இருக்கும் ஒரே கவி நான்தான். யோசித்துச் சொல்லுங்கள்."

அரசர் திடுக்கிட்டார். "வேண்டாம், வேண்டாம்! அவர் இருக்கட்டும்! ஊரில் தோண்டிய குழிகளையெல்லாம் அவரே நின்று தூர்க்கட்டும், அது போதும்." பிறகு பூதனை அருகே அழைத்து, கிளியை அவன் கையில் வைத்து அழுத்தினார். "இது நீ கண்டெடுத்ததற்கு. இதுபோக ஆண்டுதோறும் ஒரு வண்டி நெல் உன் வீட்டுக்கு வரும். ஆனால் ஒரு நிபந்தனை. இனி நீ என் காதுபட எந்தக் காலத்திலும் பாடக் கூடாது."

"நாட்டுக்காக அந்தத் தியாகத்தையும் செய்கிறேன் மன்னா" என்று பூதன் குனிந்து வணங்கினான்.

அவன் வீட்டுக்கு வந்தபோது உமையாள் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். பொற்கிளியைக் கண்டதும் கயிறு கையிலிருந்து நழுவியது. அவன் முகத்தையும் கிளியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவுத்துரு. நாம எங்கயும் போகல" என்றான். "ராஜாவே குடுத்தாரு. வருசா வருசம் ஒரு வண்டி நெல்லும் வரும்."

"எதுக்கு?"

"சபையில பாடினேன்."

"பொய்!" உமையாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பாடாம இருக்கறதுக்குக் குடுத்தாருன்னு சொல்லுங்க, நம்பறேன்."