ஐந்தாவது குழி

ஒரு ஊரில் ஒரு கல்லூரி இருந்ததாம். கல்லூரி என்றால் அதில் வேதியியல் துறை இருக்கும். துறை என்றால் ஒரு குரு இருப்பார். குரு என்றால் பின்னாலேயே ஒரு சீடர் இருப்பார், இல்லையா?

இங்கே சீடருக்கு வயது ஐம்பத்தொன்று. குருவுக்கு முப்பத்தெட்டு.

சீடர் இருளப்பன் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுப்பவர். விடுமுறை நாளெல்லாம் கல்லூரிக்கு வந்து முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். குருவின் பெயர் ஹெப்சிபா. இவர் அவரை ‘மேடம்’ என்பார். அவர் இவரை ‘சார்’ என்பார்.

ஆல்டிஹைடையும் அமீனையும் சேர்த்துக் காய்ச்சினால் இமின் என்ற பொருள் மஞ்சள் படிகமாக வரும். அதில் செம்பு உப்பைக் கலந்தால் பச்சையாக ஒரு தூள் படியும். அந்தத் தூள் கிருமியைக் கொல்லுமா? இந்த ஒரு கேள்விக்கு இருளப்பன் ஆறு வருடம் கொடுத்திருந்தார். பல்கலைக்கழகம் தந்த கடைசி நீட்டிப்பு ஜூனோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து.

கிருமிச் சோதனை பக்கத்துக் கட்டடத்தில் நடக்கும். அங்கே ரஹ்மத் நிஷா என்று ஓர் உதவியாளர். அகார் என்ற கூழ் உறைந்த தட்டில் கிருமியைப் பரப்பி, சின்னச் சின்னக் குழி வெட்டி, குழிக்கு ஒரு கரைசல் ஊற்றி ஒரு நாள் வைப்பார். கிருமி செத்த இடம் குழியைச் சுற்றித் தெளிந்த வளையமாகத் தெரியும். வளையம் பெரிதானால் மருந்துக்கு வீரியம் அதிகம்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை இருளப்பன் கையில் தாளோடு விறுவிறுவென்று வந்தார்.

“மேடம், என் தூளுக்கு பத்தொம்பது மில்லிமீட்டர்!”

“அடேயப்பா. இமினுக்கு?”

“எட்டு. கரைப்பானுக்கு வளையமே இல்ல. கடையில விக்கிற மருந்துக்கு இருபத்திரண்டு.”

“அப்புறம் ஏன் சார் முகம் இப்படி இருக்கு?”

இருளப்பன் தாளை மேசையில் வைத்தார்.

“அந்த நிஷாகிட்ட நான் நாலு குழிதான் கேட்டேன். அஞ்சாவதா ஒண்ணு வெட்டி, நான் அனுப்பின பெட்டியில கிடந்த வெறும் செம்பு உப்பைக் கரைச்சு ஊத்தியிருக்காங்க. இதை யாரு கேட்டா?”

“அதுக்கு எவ்வளவு?”

“இருபது.”

ஹெப்சிபா தாளை இழுத்துப் பார்த்தார்.

“விட்டுரலாம் மேடம். கேக்காத குழிதானே.”

“உங்க தூளைக் கொஞ்சம் குடுங்க சார்.”

ஒரு சிட்டிகைத் தூளைச் சோதனைக்குழாயில் போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கினார். வடிதாளில் ஊற்றினார். பச்சைத் தூள் தாளில் தங்கியது. கீழே தண்ணீர் இறங்கியது. பார்க்க வெறும் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. அம்மோனியா பாட்டிலை எடுத்து இருளப்பன் பக்கம் நகர்த்தினார்.

“நீங்களே விடுங்க. உங்களுக்குப் பழகின கை.”

இருளப்பன் விட்டார். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. தண்ணீர் கருநீலமாக மாறியது.

அவர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தண்ணீரில் செம்பு இருந்தால் அம்மோனியா பட்டதும் நீலமாகும். செய்முறை வகுப்பில் இருபத்தாறு வருடமாக இதே சொட்டை அவர்தான் விட்டுக் காட்டுகிறார். பிள்ளைகள் “ஓ” என்பார்கள்.

“சேராத உப்பு இன்னும் தூள்ல ஒட்டிக்கிட்டிருக்கு. எத்தனை தடவை கழுவினீங்க சார்?”

“ரெண்டு தடவை.”

“ரெண்டுதானா?”

“கழுவக் கழுவத் தூள் குறையுது மேடம். கிடைச்சதே ஒரு கைப்பிடி.”

ஹெப்சிபா அலமாரியைத் திறந்தார். ஒரு புது வடிதாள் கட்டை எடுத்துக் கொடுத்தார்.

இருளப்பன் நான்கு நாள் கழுவினார். ஒவ்வொரு முறையும் வடிந்த தண்ணீரில் அம்மோனியா விட்டுப் பார்த்தார். நீலம், வெளிர்நீலம், அதற்கும் வெளிர். நான்காம் நாள் சாயங்காலம் சொட்டு விட்டும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. தூளில் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது.

மிஞ்சியதையும், கூடவே ஒரு பை நுங்கையும் எடுத்துக்கொண்டு நிஷாவிடம் போனார்.

“என்ன சார் இது?”

“குழி வெட்டினதுக்கு அன்னைக்கு உங்ககிட்டக் கத்திட்டேன். அதுக்கு.”

“உள்ள வச்சுச் சாப்பிடக் கூடாது. ஏற்கெனவே இங்க இருக்கிற கிருமிக்கே என்னால சோறு போட முடியல.”

வேப்பமரத்தடியில் நின்று சாப்பிட்டார்கள்.

“ஏம்மா, அந்த அஞ்சாவது குழி உங்களுக்கு எப்படித் தோணிச்சு?”

“தூள் கரைஞ்சதும் ஓரத்துல லேசா நீலம் தெரிஞ்சுது. உங்களுக்குத் தெரியாம இருக்குமோன்னு தோணிச்சு. வாத்தியார்கிட்ட எப்படிச் சொல்றது? அதான் கிருமியை விட்டுச் சொல்லவெச்சேன்.”

இருளப்பன் சிரித்துவிட்டார். சிரிக்கும்போதே கண் கலங்கியது.

மறுநாள் முடிவு வந்தது. கழுவிய தூளுக்குப் பதின்மூன்று. இமினைவிட அதிகம், மருந்தைவிட ரொம்பக் குறைவு.

ஜூன் இரண்டாம் வாரம் ஆய்வேட்டை முடித்துக் கொண்டுவந்தார். முதலில் நன்றியுரைப் பக்கத்தைத்தான் திறந்தார்.

“உங்களுக்கு அடுத்து நிஷா பேர்தான் மேடம். கேளுங்க. ‘கேட்காமலே உதவி, என் பிழையை எனக்குக் காட்டிய ரஹ்மத் நிஷா அவர்களுக்கு என் ஆயுள் உள்ளவரை நன்றி.’”

“நல்லா இருக்கு சார்.”

“மனசுல இருந்து எழுதினது.”

“தெரியுது.”

ஹெப்சிபா பக்கங்களைப் புரட்டினார். அட்டவணையில் நிறுத்தினார். இமின், கழுவிய தூள், கரைப்பான், மருந்து. நான்கு வரி.

“அஞ்சாவது எங்க சார்?”

இருளப்பன் குரலைத் தணித்தார்.

“அதைப் போட்டா வெறும் உப்புக்கு இருபது, என் தூளுக்குப் பதிமூணுன்னு நிக்கும் மேடம். ஆறு வருஷம் எதுக்கு ஐயா காய்ச்சினீங்கன்னு வாய்மொழித் தேர்வுல கேப்பாங்க. நம்ம தூள்தான் இப்ப சுத்தமாச்சே. இனி அந்தக் குழி எதுக்கு?”

ஹெப்சிபா திரும்பவும் நன்றியுரைப் பக்கத்துக்கு வந்தார். அந்த வரியை மெல்ல ஒருமுறை வாசித்தார். பென்சிலை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“அப்போ இந்த வரியையும் அடிச்சிருங்க சார்.”

இருளப்பன் பென்சிலை வாங்கினார். நன்றி வரியின் மேல் முனையை வைத்து எடுத்தார். பிறகு அட்டவணைக்குத் திரும்பி, நான்கு வரிக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு கோடு போட்டார். செம்பு உப்பு, இருபது என்று எழுதினார்.

தாள்களை அடுக்கிக்கொண்டு, தட்டச்சுக் கடை பக்கம் நடந்தார்.