உள்ளங்காலில் ஒரு தேர்வு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. நல்ல சத்தமான சிரிப்பு. ஆனால் இப்போதே தரமாட்டேன். ஆவுடையப்பனே அதற்காக மூன்று நாள் காத்திருந்தார். நீங்களும் கொஞ்சம் பொறுங்கள்.

ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய குரு அமிர்தவல்லிக்கு முப்பத்திரண்டு. மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, மலையடிவாரத்தில் ஆசிரமம் வைத்தவர்.

ஒரு நாள் காலையில் சீடர் வந்து நின்றார்.

"அம்மா, மேல்குகைக்குப் போகிறேன். தனியாக. இனி கீழே இறங்குவதாக இல்லை."

"உங்கள் தங்கை வந்து வாசலில் நிற்கிறாரே."

"பேச்சியம்மாளா? இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்."

"என்ன தப்பு செய்தார்?"

"தப்பா? பக்கவாதத்தில் கிடந்த எனக்கு எட்டு மாதம் சோறு ஊட்டினாள். வாய் துடைத்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தாலே பட்ட கடன்தான் ஞாபகம் வருகிறது. ஒரு வார்த்தை வரமாட்டேன் என்கிறது. யாருமே தேவைப்படாத மனிதனாகிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை பாருங்கள்."

குரு யோசித்தார்.

"குகைக்குப் போகிறவர்களுக்கு ஒரு தேர்வு உண்டு. அது முடியும்வரை உங்கள் தங்கை சமையலறையில் தங்கட்டும்."

மயிலிறகு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"உங்கள் உள்ளங்காலில் நீங்களே கிச்சுக்கிச்சு மூட்டுங்கள். சிரிப்பு வந்ததும் கிளம்பலாம்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

வேப்பமரத்தடியில் காலை மடித்து உட்கார்ந்தார் ஆவுடையப்பன். இறகு ஊர்வது தெரிந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை.

மாலையில் குருவிடம் போனார். "இது வாதம் வந்த கால், அம்மா. அதனால்தான்."

"வராத கால் என்ன சொல்கிறது?"

அவர் மரத்தடிக்கே திரும்பினார்.

மறுநாள் அருகம்புல், கோழி இறகு, துடைப்பக்குச்சி என்று எல்லாவற்றையும் வைத்து முயன்று பார்த்தார். சமையற்காரர் எட்டிப் பார்த்தார்.

"சாமி, காலில் முள்ளா?"

"தியானம்."

"ஓகோ. நல்லா நடக்கட்டும்."

அவர் போனதும் ஆவுடையப்பன் "ஹஹ்ஹஹா" என்று ஓங்கிச் சிரித்துப் பார்த்தார்.

உள்ளேயிருந்து குருவின் குரல் வந்தது. "அது வாயிலிருந்து வந்தது. காலிலிருந்து வரட்டும்."

மூன்றாம் நாள் அவர் முகம் வெளிறியிருந்தது.

"அம்மா, காலுக்கு உயிர் திரும்பிவிட்டது என்றார் வைத்தியர். பொய் சொல்லிவிட்டாரோ? கூச்சமே செத்துப்போச்சோ?"

"தூணில் சாய்ந்து காலை நீட்டுங்கள். கண்ணை மூடுங்கள். நான் சொன்னதும் ஆரம்பிக்கலாம்."

மூடினார். குரு இன்னும் ஆரம்பிக்கச் சொல்லவில்லை. ஆனால் வாதம் வந்த காலில் ஏதோ ஊர்ந்தது.

ஆவுடையப்பன் துள்ளினார். தோள் குலுங்கியது, வயிறு குலுங்கியது, மேல்துண்டு நழுவி விழுந்தது. மரத்துக் காக்கைகள் பறந்து போகும் அளவுக்குச் சிரித்தார்.

"ஏ பேச்சி, விடுளா. விடுளா சொல்லுதேன்."

கண்ணைத் திறக்கவில்லை. விரலை வைத்தே ஆளைச் சொல்லிவிட்டார்.

"எட்டு மாசம் இந்தக் காலுக்கு எண்ணெ தேய்ச்சேன், ஒரு நாளாவது சிரிச்சியாண்ணே?" என்றாள், குரு சொல்லிச் சமையலறையிலிருந்து வந்திருந்த பேச்சியம்மாள். "இப்பத்தான் கால் முழிச்சிருக்கு."

கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலே அவர் குருவைப் பார்த்தார்.

"தன் கையால் முடியாது என்று உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"நம் விரல் எங்கே தொடப்போகிறது என்று மூளைக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் அந்தக் கூச்சத்தை அதுவே அடக்கிவிடும். அடுத்தவர் விரலை அதனால் கணிக்க முடியாது. ஆராய்ச்சிக்கூடத்தில் முதல் வாரமே படித்த பாடம்."

"அப்புறம் என்னை ஏன் மூன்று நாள்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "இந்தத் தேர்வில் இதுவரை யார்தான் தேறினார்கள்?"

"ஒருவரும் இல்லை. நானே இரண்டு தடவை தோற்றேன்."

 ஆவுடையப்பன் மெல்ல, மற்ற காலையும் தங்கை பக்கம் நீட்டினார்.