கோமளாவின் சொதிக் குறிப்பு

கோமளாவுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. பர்வீனின் சமையல் தளத்தில் சொதிக் குறிப்புக்கு நானூறு பேர் பாராட்டி எழுதியிருந்தார்கள். கோமளாவின் தளத்தில் அதே சொதிக்குப் பதினொரு பேர். அதிலும் மூன்று பேர் அவள் தங்கை வீட்டார்.

இரண்டு பேருக்கும் சொதி வைக்கக் கற்றுக்கொடுத்தவர் பாளையங்கோட்டை வேதமுத்து மாஸ்டர். கோமளாவைவிட நான்கு வயது இளையவர். ஆனாலும் அவர் முன்னால் அவள் உட்கார மாட்டாள்.

நேரே போய்க் கேட்டாள்.

"ஒங்ககிட்டதான் மாஸ்டர் ரெண்டு பேரும் படிச்சோம். அவ தளத்துக்கு மட்டும் ஏன் இம்புட்டுக் கூட்டம்? எனக்கு வயிறு எரியுது."

காரணங்களையும் அவளே சொன்னாள். பர்வீனின் படங்கள் பளபளப்பாம். பேச்சில் தேன் ஒழுகுமாம். சொதியைவிட அவள் வைத்திருக்கும் கிண்ணத்தைப் பார்க்கத்தான் ஆட்கள் போகிறார்களாம்.

மாஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு அவள் செல்போனை வாங்கி, அவள் எழுதிய குறிப்பைத் திறந்து அடுப்பருகே சாய்த்து வைத்தார்.

வரி வரியாகப் படித்து அதன்படியே சமைத்தார். தண்ணியான தேங்காய்ப் பாலில் காய்கள் வெந்தன. கெட்டியான முதல் பாலை ஊற்றினார். அடுத்த வரி, 'ஐந்து நிமிடம் கழித்து எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பரிமாறவும்' என்றது. மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

கோமளாவுக்குப் பொறுக்கவில்லை. அணைக்கக் கை நீட்டினாள். மாஸ்டர் குறுக்கே வந்தார்.

"அணைக்கச் சொல்லி எழுதலையே."

"மொதப் பால் ஊத்துனதும் அணைச்சிரணும். கொதிச்சாத் திரிஞ்சிரும். ஒங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும். வாசிக்கிறவுகளுக்கு?"

"அது கைப்பக்குவம்" என்றாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. பர்வீன் அடுப்பை அணைக்கச் சொல்லும் அந்த ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்ததை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள்.

அடுப்பைப் பார்த்தபடியே, "எல்லாத்தையும் எழுதிட்டா நமக்குன்னு என்ன மாஸ்டர் மிச்சம்?" என்றாள்.

அதற்குள் பால் கொதித்துத் திரிந்துவிட்டது. மாஸ்டர் ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவள் கையில் கொடுத்தார். அவள் வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினாள்.

"சாப்பிடுங்கக்கா. ஒங்க பேரச் சொல்லி ஒவ்வொரு வீட்லயும் இதத்தான் சாப்பிட்டுக்கிட்டிருக்காக."